மூன்றாம் நாள் எங்கே போகும்? பிள்ளையார் சதுர்த்தி அலங்காரம் குறித்துச் சில குறிப்புகள்

ஆவணி மாதத்து வளர்பிறைச் சதுர்த்தி நெருங்கும் வாரத்தில் மதுரையின் கடைவீதிகளில் நடந்து பார்த்தால், வீட்டில் பிள்ளையாரை வைத்துக் கும்பிடுவதற்கு ஜிகினாத் தோரணமும், தெர்மாகோல் மண்டபமும், பிளாஸ்டிக் மாலையும், பேட்டரியில் சுழலும் ஒளிவட்டமும் இல்லாமல் முடியாது என்றே தோன்றிவிடும். இவை அனைத்தும் இரண்டு அல்லது மூன்று நாள் வழிபாட்டுக்காக வாங்கப்படுகின்றன என்பதையும், பிள்ளையார் கரைந்த பிறகும் இவை கரையாமல் வீட்டிலோ தெருவிலோ சாக்கடையிலோ கிடக்கும் என்பதையும் கடைக்காரர் சொல்லமாட்டார். எங்கள் வீட்டில் அலங்காரத்துக்கென்று எதை வாங்குவதற்கு முன்பும், மூன்றாம் நாள் இது எங்கே போகும் என்று கேட்டுக்கொள்வதை வழக்கமாக வைத்திருக்கிறோம். மண்ணுக்குப் போகும், மாட்டுக்குப் போகும், அலமாரிக்குப் போகும் என்ற மூன்று பதில்களில் ஒன்று கிடைத்தால் வாங்குகிறோம். குப்பைத் தொட்டிக்குப் போகும் என்றால் வாங்குவதில்லை.

இதில் எங்கள் சாமர்த்தியம் எதுவும் இல்லை. பழைய பூஜைச் சாமான் பட்டியலை எடுத்துப் பார்த்தால் களிமண், அருகம்புல், எருக்கம்பூ, மாவிலை, வாழைக்கன்று, கம்பங்கதிர், விளாம்பழம், அரிசி மாவு என்று அந்தப் பருவத்தில் ஊரைச் சுற்றிக் கிடைக்கும் பொருள்கள்தான் இருக்கும். ஆகவே சுற்றுச்சூழலுக்கு உகந்த அலங்காரம் என்று புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. இடையில் வந்து சேர்ந்தவற்றைக் கழித்தாலே பெரும்பகுதி வேலை முடிந்துவிடுகிறது.

பிள்ளையாரிலிருந்தே தொடங்க வேண்டும், ஏனெனில் அலங்காரத்தின் நடுப்பொருள் அவர்தான். மதுரைக்கு அருகில் திருப்பரங்குன்றத்தை ஒட்டியுள்ள விளாச்சேரி மண் பொம்மைகளுக்குப் பெயர்பெற்ற ஊர். அங்கே கொலு பொம்மைகளும் பிள்ளையார் சிலைகளும் வீடு வீடாகச் செய்யப்படுகின்றன. பண்டிகைக்கு முந்தைய நாள் தெருவோரத்தில் ஈரக் களிமண்ணை மர அச்சில் அழுத்தி, நாம் கொண்டுபோகும் மனைப் பலகையின் மேலேயே கவிழ்த்துக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அப்படி வாங்கும் பச்சை மண் பிள்ளையாருக்கு இணையாக வேறெதையும் என்னால் சொல்ல முடியாது. வண்ணம் கிடையாது, மினுமினுப்பு கிடையாது. சந்தனமும் குங்குமமும் வைத்து, பருத்தி நூலால் பூணூல் போட்டு, அருகம்புல்லைச் சார்த்தியதும் அவருக்கென்று ஒரு முகம் வந்துவிடுகிறது. வெயிலில் வைத்தால் விரிசல் விடும் என்பதால் நிழலில் மட்டும் உலர விட வேண்டும்.

வண்ணம் பூசிய சிலையை வாங்குவோர் அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்ப்பது நல்லது. ஈர விரலால் தேய்த்தால் மண் சிலை சேறாகக் கையில் ஒட்டும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சிலை அப்படி இளகாது. ஜிப்சத்தைச் சூடாக்கிப் பொடியாக்குவதுதான் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். தண்ணீர் பட்டவுடன் மறுபடியும் ஜிப்சமாகவே இறுகிவிடுவதால் அது மண்ணைப் போல எளிதில் கரைந்து பிரிவதில்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020 மே மாதத்தில் திருத்தி வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், தெர்மாகோல் ஆகியவற்றால் செய்த சிலைகளைக் கூடாது என்று சொல்கின்றன. இயற்கையான களிமண்ணையும், வண்ணம் தேவைப்பட்டால் தாவரங்களிலிருந்து கிடைக்கும் சாயங்களையும் பரிந்துரைக்கின்றன. மண்ணால் செய்த சிலையாகவே இருந்தாலும் எனாமல் பெயின்ட்டோ பொன்னிறப் பூச்சோ இருந்தால் அந்த மண்ணைச் செடிக்குப் போட முடியாது. 'வெறும் மண் பிள்ளையார் வேண்டும்' என்று கேட்டால் கடைக்காரர் பெரும்பாலும் பின்பக்கத்திலிருந்து எடுத்துத் தருவார், விலையும் குறைவு.

கண்ணுக்குக் குன்றிமணி பதிப்பது பழைய வழக்கம். சிவப்பு உடலும் கறுப்புப் பொட்டுமாக இருக்கும் அந்த விதை அழகுதான், ஆனால் அதை உடைத்தோ கடித்தோ தின்றால் உயிருக்கே ஆபத்தான நஞ்சு உள்ளே இருக்கிறது. கைக்குழந்தைகள் இருக்கும் வீட்டில் குன்றிமணியைத் தவிர்த்து, கருப்பு உளுந்தையோ மிளகையோ பதித்துவிடலாம். குன்றிமணியே வைப்பவர்கள் கரைப்பதற்கு முன் இரண்டையும் எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டால், அடுத்த வருடத்துக்கும் அவையே போதும்.

அடுத்தது பின்னணி. தெர்மாகோல் மண்டபத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அலங்காரத்துக்கான தெர்மாகோலை விற்பதும் பயன்படுத்துவதும் 2022 ஜூலை 1 முதல் இந்தியா முழுவதும் தடைசெய்யப்பட்டிருக்கின்றன. தமிழ்நாட்டில் அதற்கு முன்பே, 2019 ஜனவரி 1 முதல், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை இருக்கிறது. தெர்மாகோல் தட்டும் குவளையும் அந்தப் பட்டியலில் உண்டு. தடை இருக்கிறது என்பதால் கடையில் கிடைக்காது என்று பொருள் கொள்ள வேண்டாம். ஏறக்குறைய 98 சதவீதம் காற்றால் நிறைந்த அந்தப் பலகை உடையும்போது மணிமணியாக உதிர்ந்து, கூட்டினால் பறந்து, தண்ணீரில் மிதந்து, எங்கெல்லாம் போக முடியுமோ அங்கெல்லாம் போகும். அதைத் திரும்பப் பொறுக்கி எடுப்பது நடக்காத காரியம்.

அதற்குப் பதிலாக எங்கள் வீட்டில் பிள்ளையாருக்குப் பின்னால் தொங்குவது அத்தையின் சுங்குடிச் சேலை. மதுரைச் சுங்குடிக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. புள்ளி புள்ளியாக முடிச்சிட்டுச் சாயம் தோய்க்கும் அந்தப் பருத்திச் சேலையில், அரக்கு நிறமோ மயில் கழுத்து நிறமோ இருந்தால், எதிரே வைக்கும் களிமண்ணின் சாம்பல் நிறம் எடுப்பாகத் தெரியும். பட்டுச் சேலை விளக்கொளியில் பளபளத்துப் பிள்ளையாரை மறைத்துவிடும் என்பது அத்தையின் கருத்து. அவர்கள் சொல்வது சரி என்றே எனக்கும் படுகிறது. சேலையின் முந்தானையைக் கொசுவி, ஜன்னல் கம்பியில் கட்டிய கயிற்றில் மாட்டி, இரு புறமும் சமமாக இறங்கும்படி விட்டால் போதும். வாடகை வீட்டில் சுவரில் ஆணி அடிக்க முடியாதவர்களுக்கும் இது ஒத்துவரும். சேலை கிடைக்காவிட்டால் கோரைப்பாயை நிறுத்தி வைக்கலாம். திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடைப் பாய் இருப்பவர்கள் அதை இன்றைக்கு வெளியே எடுக்காமல் வேறு என்றைக்கு எடுப்பது? தரையில் மனை, மனையின் மேல் தலைவாழை இலை, இலையின் மேல் பரப்பிய அரிசி, அதன் மேல் பிள்ளையார். அரிசி மறுநாள் சமையலுக்கும், இலை மாட்டுக்கும், சேலை அலமாரிக்கும் போய்விடும்.

குடையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் பிள்ளைகளுக்குச் சதுர்த்தி என்றாலே குடைதான். இப்போது கடையில் விற்கும் பிள்ளையார் குடை பெரும்பாலும் பிளாஸ்டிக் பூச்சுள்ள பளபளப்புத் தாளில் செய்யப்பட்டு, பிளாஸ்டிக் குஞ்சங்களோடு வருகிறது. அதைக் கழற்றிப் பிரித்தாலும் எதற்கும் உதவாது. வீட்டில் செய்வது அவ்வளவு பெரிய வேலையன்று. பழைய காலண்டர் தாளை வட்டமாக வெட்டி, விளிம்பிலிருந்து மையம் வரை ஒரு கோடு கிழித்து, ஓரங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி ஒட்டினால் கூம்பு வந்துவிடும். எவ்வளவு ஏற்றுகிறோமோ அவ்வளவு குடை கூர்மையாகும். அதன் மேல் வண்ணத் தாளை, பளபளப்பில்லாத மெல்லிய பட்டத் தாளை, இதழ் இதழாக வெட்டி விளிம்பிலிருந்து உச்சி நோக்கி வரிசையாக ஒட்டிக்கொண்டே வர வேண்டும். உச்சியிலிருந்து தொடங்கினால் மேல் வரிசை கீழ் வரிசையின் அடியில் போய்விடும், இதழ்கள் தொங்கா. மூங்கில் குச்சியின் முனையைச் சற்றே பிளந்து கூம்பின் உச்சியில் செருகி, துணி நூலால் ஒரு கட்டுக் கட்டினால் குடை நிற்கும். பசைக்கு இரண்டு கரண்டி மைதாவைத் தண்ணீரில் கரைத்துக் கட்டியில்லாமல் காய்ச்சினால் போதும். புத்தகம் கட்டுவோர் பூச்சி அரிக்காமலிருக்க அதில் மயில்துத்தம் சேர்ப்பார்கள். மூன்று நாள் குடைக்கு அது தேவையில்லை, பிள்ளைகள் கையாளும் பசையில் அந்த நஞ்சைச் சேர்க்கவும் கூடாது. பண்டிகை முடிந்ததும் தாளை நனைத்துக் கிழித்து மட்க வைத்துவிடலாம், குச்சி அடுத்த வருடத்துக்கு இருக்கும். குடையின் கீழ் விளிம்பில் குஞ்சம் வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால், வாடாமல்லிப் பூக்களை நூலில் கோத்துத் தொங்கவிடச் சொல்லலாம்.

மாவிலைத் தோரணத்தில் இலையைத் தேர்வதுதான் பாதி வேலை. செம்பு நிறத்தில் இருக்கும் தளிரைப் பறித்தால் மதியத்துக்குள் துவண்டு தொங்கிவிடும். கரும்பச்சையாக முற்றியதோ மடிக்கும்போதே முறியும். இரண்டுக்கும் நடுவில், பச்சை ஏறியும் வளையும் பதத்தில் இருப்பதுதான் வேண்டும். இலையின் அடிப்பாகத்தைக் கயிற்றின் மேல் மடித்துப் போட்டு, அதன் காம்பையே ஊசிபோல் இலைக்குள் குத்தி மறுபுறம் எடுத்துவிட்டால் இலை தானாகவே பிடித்துக்கொள்ளும். காம்பு குட்டையாக இருந்தால் தென்னை ஈர்க்கில் ஒரு துண்டைச் செருகலாம். இப்போது பல வீடுகளில் ஸ்டேப்ளரைப் பயன்படுத்துகிறார்கள். வேலை சட்டென்று முடியும் என்பது உண்மைதான், ஆனால் அந்தக் கம்பித் துண்டுகள் இலையோடு சேர்ந்து உரக்குழிக்கோ, ஆட்டின் வாய்க்கோ போகும் என்பதை யோசிக்க வேண்டும். கயிறாகத் தேங்காய் நாரையோ, தண்ணீரில் நனைத்து முறுக்கிய வாழை நாரையோ எடுத்துக்கொண்டால் தோரணத்தை அப்படியே முழுதாக மண்ணில் போடலாம்.

தென்னங்குருத்துத் தோரணம் மாவிலையைவிட அழகு என்பதில் எனக்கு ஐயமில்லை. வெளிர் மஞ்சள் நிறத்தில் கிளி, குருவி என்று மடித்துத் தொங்கவிடும் கைவேலை தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் குருத்து என்பது மரம் அடுத்து விரிக்கவிருக்கும் ஓலை. ஒரே மரத்தில் அடிக்கடி குருத்தெடுத்தால் மரம் தளர்ந்துபோகும். கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் அதை விட்டுவிட்டு, வீட்டுப் பூஜைக்கு முற்றிய பச்சை ஓலையில் பின்னிக்கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

வாழைக்கன்று இரண்டை வாசலில் கட்டுவது பெரும்பாலான வீடுகளில் உண்டு. இடமில்லாத அடுக்குமாடி வீட்டில் மனையின் இரு பக்கமும் முழ உயரக் கன்றுகளை மண் தொட்டியில் நட்டு வைத்தால், கட்டுவதற்குத் தூண் தேட வேண்டியதில்லை. வேரோடும் கிழங்கோடும் வாங்கினால் பிறகு ஏதாவதொரு தோட்டத்தில் ஊன்றிவிடவும் செய்யலாம். வெட்டிய கன்றில் வாழைத்தண்டு எடுத்துப் பொரியல் செய்யலாமே என்று சிலர் கேட்பதுண்டு. அது நடக்காது, ஏனென்றால் வாழை பூவிடும் பருவத்தில்தான் நடுத்தண்டு மேலெழும். இளங்கன்றை உரித்தால் மட்டைக்குள் மட்டையாகத்தான் வரும். மாட்டுக்குக் கொடுப்பதே அதற்குச் சரியான வழி.

பூ விலை பண்டிகைக்கு முந்தைய நாள் எங்கே போய் நிற்கும் என்று மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லிகையின் விலையைக் கேட்டுவிட்டு, கேட்டதே போதும் என்று திரும்புவோர் பலர். மல்லிகையைப் பிள்ளையாருக்கு ஒரு முழம், வீட்டுப் பெண்கள் தலைக்குக் கொஞ்சம் என்று அளவோடு நிறுத்திக்கொண்டு, அலங்காரத்துக்குச் செண்டுப்பூ, கோழிக்கொண்டை, வாடாமல்லி ஆகியவற்றை எடுப்பது எங்கள் வழக்கம். இவை விலையும் குறைவு, இரண்டாம் நாளும் முகம் சுருங்காமல் இருக்கும். உதிரிப்பூவாக வாங்கி வீட்டிலேயே நாரில் கட்டினால், கடை மாலைகளில் ஒளிந்திருக்கும் நைலான் நூல், சரிகைக் கம்பி, பிளாஸ்டிக் மணி ஆகியவற்றின் தொல்லை இல்லை. பித்தளைத் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, செண்டுப்பூ இதழ்களை வட்ட வட்டமாக மிதக்கவிட்டு நடுவில் ஓர் அகலை வைப்பது பிள்ளைகளிடம் ஒப்படைக்கக்கூடிய வேலை. எருக்கம்பூ மாலையை மட்டும் பெரியவர்களே கோக்க வேண்டும். எருக்கம்பால் கண்ணில் பட்டால் கடுமையான எரிச்சலும் பார்வைக்குத் தீங்கும் உண்டாகும். ஆகவே பூவைத் தண்ணீரில் அலசி, பால் வடிந்த பிறகு கோத்து, உடனே கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட வேண்டும். பிள்ளையாருக்கு இரு பக்கமும் கம்பங்கதிரும் சோளக்கதிரும் சார்த்தி, முன்னால் விளாம்பழமும் நாவற்பழமும் பேரிக்காயும் வைத்தால் படையலே அலங்காரமாகிவிடும்.

கோலத்துக்கு வருகிறேன். தெருவில் விற்கும் கோலப்பொடி பெரும்பாலும் வெள்ளைக் கல்லை அரைத்த மாவு. அதில் எறும்புக்கு ஒன்றுமில்லை. சதுர்த்தியன்று மாக்கோலம் போடுவதே முறை என்பதோடு, அந்த வெண்மைக்கு வேறெதுவும் ஈடாகாது. ஒரு கைப்பிடி பச்சரிசியை 2 மணி நேரம் ஊறவைத்து, நறநறப்பே இல்லாமல் அரைத்து, தோசை மாவைவிட நீர்க்கவும் பாலைவிடக் கெட்டியாகவும் கரைத்துக்கொள்ள வேண்டும். கிழிந்த பழைய வேட்டியில் ஒரு துண்டை அதில் நனைத்து உள்ளங்கையில் பிடித்து மெல்ல அழுத்தினால், மாவு மோதிர விரல் வழியாக இறங்கிக் கோடாக விழும். போடும்போது கோடு கண்ணுக்கே தெரியாது. வெறும் தண்ணீர் தடம் போலத்தான் இருக்கும். முதன்முதலாகப் போடுவோர் அதைப் பார்த்துவிட்டு மேலே மேலே மாவை ஊற்றிக் கோட்டைத் தடிக்க வைத்துவிடுவார்கள். சற்றுப் பொறுத்தால், ஈரம் உலர உலர ஓரத்திலிருந்து வெண்மை எழுந்து வரும். சிமென்ட் தரையிலும் சிவப்புப் பூச்சுத் தரையிலும் இது நன்றாகப் பிடிக்கும்; வழவழப்பான டைல்ஸில் உலர்ந்ததும் செதிலாக உரியும். டைல்ஸ் வீட்டுக்காரர்கள் மனையிலும் வாசற்படிக் கல்லிலும் மட்டும் போட்டு நிறுத்திக்கொள்ளலாம்.

வண்ணத்துக்குச் சாயப்பொடிகள் தேவையில்லை. காவிக்கல்லை ஊறவைத்துக் கரைத்தால் ஓரத்துச் செம்பட்டை கிடைத்துவிடுகிறது. அரிசி மாவுக் கரைசலில் மஞ்சள்தூளைச் சேர்த்தால் மஞ்சள், அதிலேயே ஒரு துளி சுண்ணாம்பைச் சேர்த்தால் சிவப்பு. ஆலம் கரைக்கத் தெரிந்த எந்த வீட்டுக்கும் இது புதிதன்று. தரையில் மஞ்சள் கறை நின்றுவிடுமோ என்று அஞ்ச வேண்டாம், வெயில் படும் இடத்தில் அது தானாகவே வெளிறிவிடும். பளீரென்ற நீலமும் இளஞ்சிவப்பும் இந்த வழியில் வராதுதான். வெள்ளையும் காவியும் மஞ்சளும் போதும் என்று நினைப்பவர்களுக்கே இந்த முறை பொருந்தும்.

விளக்குக்கு அகலும் நல்லெண்ணெயும் போதும். பின்னால் சேலையும் மேலே தாள் குடையும் இருப்பதால் சுடர் எட்டாத தொலைவில் வைக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. சீரியல் விளக்கு ஏற்கெனவே இருந்தால் அதையே போடுங்கள்.

இருப்பதைப் பயன்படுத்துவது பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு வீட்டில் சென்ற வருடங்களின் பிளாஸ்டிக் மாலைகளோ துணிப்பூத் தோரணங்களோ இருந்தால், அவற்றைக் குப்பையில் போட்டுவிட்டு 'ஈகோ ஃபிரெண்ட்லி' என்று அச்சிட்ட சணல் தோரணத்தைப் புதிதாக வாங்குவது நியாயமாகப் படவில்லை. கிழியும் வரை பழையதையே தூசி தட்டி மாட்டலாம். அதே போல், விதைப் பிள்ளையார் என்று இணையத்தில் விற்பவை சில பிளாஸ்டிக் உறையிலும் பஞ்சுப் பொதியிலும் சுற்றப்பட்டுத் தொலைதூரம் பயணம் செய்து வருகின்றன. பக்கத்துத் தெருவில் குயவர் வைத்திருக்கும் மண்ணில் நாமே நான்கு வெண்டை விதையை அழுத்திவிட்டால் அதுவும் விதைப் பிள்ளையார்தான்.

புனர்பூஜை முடிந்ததும் முதலில் செய்ய வேண்டியது பிரித்தல். சந்தனம், குங்குமம் தவிர வேறு பூச்சு இல்லாத பிள்ளையாரை, பூணூலையும் மாலையையும் குடையையும் எடுத்துவிட்டு, வாளித் தண்ணீரில் இறக்கினால் வீட்டுப் பூஜைக்கான சிறிய சிலை பெரும்பாலும் ஓர் இரவுக்குள் இளகிவிடும். கட்டியாக நின்றால் கையால் கலைத்துவிடலாம். வைகையில் தண்ணீர் ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. பூக்களையும் இலைகளையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தெரு மாட்டின் முன் வைப்பதைப் பல இடங்களில் பார்க்கிறேன். அது புண்ணியமும் ஆகாது, பாதுகாப்பும் ஆகாது. அரளிப் பூவும் இலையும் கால்நடைகளுக்குக் கடும் நஞ்சு, எருக்கும் அப்படியே. மாட்டுக்கு வாழை மட்டையும் வாழை இலையும் அருகம்புல்லும் கதிர்த் தட்டையும் மட்டும் கொடுத்து, எல்லாப் பூக்களையும் உரத்தொட்டிக்கு அனுப்புவதே சரி. பூ ஈரம் மிகுந்தது என்பதால் தனியாகப் போட்டால் அழுகி நாற்றமெடுக்கும். உலர்ந்த இலைச் சருகையோ தேங்காய் நார்க்கழிவையோ அடுக்கடுக்காக இடையில் போட்டு, வாரம் ஒருமுறை கிளறிவிட்டால் நாற்றமில்லாமல் மட்கும். மாவிலை தடிப்பாக இருப்பதால் நறுக்கிப் போட வேண்டும், இல்லையென்றால் மற்றவை எல்லாம் மட்கிய பிறகும் அது அப்படியே கிடக்கும். வாடாமல்லியை மட்டும் நிழலில் உலர்த்தி எடுத்து வைத்தால் நிறம் போகாமல் அடுத்து வரும் நவராத்திரிக் கொலுவுக்கு ஆகும்.

வாளியில் அடியில் தங்கிய களிமண்ணை அப்படியே துளசித் தொட்டியில் ஊற்றுவோர் உண்டு. களிமண் மேற்பரப்பில் படர்ந்து இறுகினால் தண்ணீர் உள்ளே இறங்காமல் வேர் வாடும். தெளிந்த தண்ணீரைச் செடிக்கு விட்டுவிட்டு, மண்ணை ஒரு நாள் காயவைத்து உடைத்து, ஒரு பங்குக்கு இரண்டு பங்கு மட்கிய உரமும் ஒரு பங்கு மணலும் கலந்து புதிய தொட்டிக்கு எடுத்துக்கொள்ளலாம். கீரை விதைக்க அந்தக் கலவை நன்றாக இருக்கிறது.